கதம்பைத் தீ

மூத்தவளின் கழுத்தில் இருந்தது அழுக்கு என்றே ஒரு வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கிணற்றடிக் கல்லில் உட்கார வைப்பேன். முடியை வாரி உச்சியில் கொண்டை போட்டுவிட்டு, பிடரியில் பயற்றம்மாவைக் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேங்காய்ச் சகிரியால் தேய்ப்பேன். ஒரு வாரம் எலுமிச்சம்பழத் தோல், மறு வாரம் தயிரும் மஞ்சளும். தோல் சிவக்கும், கறுப்பு நகராது. "எரிகிறது அம்மா" என்பாள். "நீயே ஒழுங்காகத் தேய்த்துக் குளித்தால் எனக்கு ஏன் இந்த வேலை?" என்பேன். அந்த இடம் மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணியைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்தது. விரலுக்குத் தெரிந்ததை மண்டை வாங்கிக்கொள்ளவில்லை.

எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. நான் 14 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். தக்கலையில் ஒரு சின்ன லேப். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று ஊரார் ரத்தத்தையெல்லாம் படித்துச் சொல்கிறவள், சொந்தப் பிள்ளையின் கழுத்தைப் படிக்கவில்லை.

இருமலுக்காக நாகர்கோவிலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்காகச் சடையை ஒதுக்கினார். ஒதுக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அக்குளையும் பார்த்தார்.

"எவ்வளவு நாளாக இருக்கிறது?"

"சரியாகத் தேய்த்துக் குளிக்கமாட்டாள் டாக்டர்."

"இனிமேல் தேய்க்காதீர்கள். இது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக ஓடுகிறது, அதைத் தோல் காட்டுகிறது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பது அதன் பெயர். உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கும்போது, கணையம் இன்னும் இன்னும் என்று சுரந்து தள்ளுகிறது. அந்த மிகுதி, தோல் செல்களைப் பெருகச் சொல்லும் வேறொரு வாசலையும் தட்டிவிடுகிறது. பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. சர்க்கரை அளவு அப்போதும் சரியாகவே இருக்கலாம். என் மகளுக்கும் வெறும் வயிற்றில் 92தான்.

உயரம் 134 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எடைக் குறியீடு 22.8. பெரியவர் ஒருவருக்கு 22.8 என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இரண்டு கோடுகள் உண்டு: வளர்ந்தபின் 23க்குப் போய்ச் சேரும் கோடு ஒன்று, 27க்குப் போய்ச் சேரும் கோடு ஒன்று. முதலாவதைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடற்பருமன். மருத்துவர் வைத்த புள்ளி இரண்டாவது கோட்டுக்கும் மேலே விழுந்தது. பிறகு இடுப்பளவு எடுத்தார்: 74 சென்டிமீட்டர். உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, அதாவது 67.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்தேன். அப்பா மார்த்தாண்டத்தில் தையல்கடை வைத்திருந்தார். மே மாதம் பிறந்தால் பள்ளிக்கூடச் சீருடைதான். முனையில் பித்தளைத் தகடு வைத்த டேப் அவர் கழுத்திலேயே கிடக்கும். நோட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் இடுப்பு 22, 23 அங்குலம் என்று வரிசையாக எழுதியிருந்தது. என் மகளுக்கு 29. அப்பா இருந்திருந்தால் டேப்பை ஒரு தடவை உதறிவிட்டு மறுபடி அளந்திருப்பார்.

உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. என் அம்மாவின் தீர்ப்பு: "நீ வேலை வேலை என்று போகிறாய், பிள்ளை கண்டதையும் தின்கிறது." என் மாமியாரின் தீர்ப்பு: "இது எங்கள் குடும்பத்து உடம்பு மக்களே. அவள் அப்பாவைப் பார், அவன் அத்தையைப் பார். எல்லாரும் வண்ணம் உள்ளவர்கள்தான்."

எங்கள் பக்கத்தில் உடம்பு போடுவதை வண்ணம் வைப்பது என்போம். மலையாளத்தோடு ஒட்டி வாழ்வதால் வந்த சொல். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோழி, "பிள்ளை நல்ல வண்ணம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னாள்.

அம்மாவின் கட்சியை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. காரணம் இளையவன். ஏழு வயது. ஒரே பானைச் சோறு, ஒரே சட்டி மீன்குழம்பு. மாலையில் பழம்பொரி வாங்கினால் அக்காள் இரண்டு தின்பாள், இவன் மூன்று தின்பான். ஆனாலும் ரப்பர் மரத்தில் கட்டிய கம்பி மாதிரி இருக்கிறான். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். குற்றம் பானையில் என்றால் இருவரும் ஒன்றுபோல் அல்லவா இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்கினேன். மாமியாரின் கட்சிக்கு இவ்வளவு பெரிய சாட்சிகள் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடு ஒன்று உண்டு. அதிலிருந்து, வளர்ந்து பெரியவர்களான 540 பேரின் உடல்வாகை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். பெற்றவர்கள் பருமன் என்றால் பிள்ளையும் பருமனாகும் போக்கு தெளிவாகத் தெரிந்தது. வளர்த்தவர்களோடு ஒரு தொடர்பும் தெரியவில்லை. சோறு போட்டவர் யாரோ, உடம்பு கொடுத்தவர் யாரோ. பிறகு 2008இல் பிரிட்டனில் 8 வயது முதல் 11 வயது வரையிலான 5,092 ஜோடி இரட்டையரை ஒப்பிட்டுப் பார்த்ததில், எடை வேறுபாட்டில் 77 சதவீதம் மரபால் வருவது என்று கணக்கு வந்தது.

இந்த 77ஐப் படித்ததும் மாமியாரிடம் சொல்லிவிடக்கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் அன்றைக்கே ஒரு படி ஏத்தன்காய், அதாவது நேந்திரங்காய், வறுபட்டிருக்கும்.

என் மகளின் 41 கிலோவில் 77 சதவீதம் மரபு என்று அதற்குப் பொருள் இல்லை. நாஞ்சில்நாட்டில் ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எல்லா நாற்றுக்கும் ஒன்றுபோல் பாய்கிறது, உரமும் ஒரே அளவு. அப்போது ஒரு பயிர் நெடிதாகவும் பக்கத்துப் பயிர் குட்டையாகவும் நின்றால் வேறுபாடு விதையால்தான். அடுத்த பூவில், அதாவது அடுத்த போகத்தில், வயல் முழுக்க யூரியாவை அள்ளிக் கொட்டினால் எல்லாப் பயிரும் ஒரு சாண் உயரும். அப்போதும் நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள வேறுபாடு விதையால் வந்ததாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு சாணைக் கொடுத்தது யூரியா. ஒரே தலைமுறையில் பிள்ளைகள் இப்படிப் பெருத்ததற்கு விதை மாறியது காரணமாக இருக்க முடியாது. விதை அவ்வளவு வேகமாக மாறாது. யூரியா விழுந்திருக்கிறது. எந்தப் பயிர் அதை அதிகமாக உறிஞ்சுகிறது என்பதைத்தான் விதை தீர்மானிக்கிறது.

விதையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு என்னை உலுக்கிய கதை லெப்டின். 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்த ஹார்மோன் அது. உடலில் உள்ள கொழுப்பே அதைச் சுரந்து, "போதும், சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தில், பாகிஸ்தான் வழிக் குடும்பம் ஒன்றில், இரண்டு குழந்தைகளுக்கு அந்த லெப்டின் சுரக்கவே இல்லை என்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டார்கள். பெண் குழந்தைக்கு எட்டு வயதில் 86 கிலோ. அவளுடைய உறவுப் பையனுக்கு இரண்டு வயதில் 29 கிலோ. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. உணவைப் பிடுங்கினால் சண்டை. லெப்டினை ஊசியாகப் போட்டதும் பசி அடங்கியது. அந்தப் பெண் ஒரே வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள். யாரும் அவளுக்கு மனக்கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கவில்லை. வாய்க்கட்டு வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிற ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பெரியவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல ஆசை.

இப்படி லெப்டினே சுரக்காத பிள்ளைகள் மிக அபூர்வம். எம்சி4ஆர் என்ற மரபணுவில் வரும் பிழை அதைவிடப் பரவலானது. கேம்பிரிட்ஜ் குழு 2003இல் கடுமையான பருமனுள்ள 500 பேரை ஆராய்ந்தபோது 5.8 சதவீதத்தினரிடம் அது இருந்தது. ஐந்து வயதுக்குள்ளேயே பெருத்துப் போவது, அடங்காத பசி, வளர்ச்சியில் பின்னடைவு இவையெல்லாம் சேர்ந்திருந்தால் மரபணுச் சோதனைக்குப் பொருள் உண்டு. என் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் "தைராய்டு பார்த்தாயா?" என்றார்கள். ஹார்மோன் கோளாறால் பெருக்கும் பிள்ளை பெரும்பாலும் குள்ளமாக நிற்கும் என்று மருத்துவர் விளக்கினார். இவள் வகுப்பில் பின் வரிசை. தைராய்டும் சரியாகவே இருந்தது.

சாதாரணப் பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. 2007இல் 38,759 பேரை ஆராய்ந்து எஃப்டிஓ என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாற்றத்தைக் கண்டார்கள். அதை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இரண்டு பிரதியாகப் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. ஏழு வயது முதலே அந்த வேறுபாடு தெரிந்தது. பிறகு ஸ்காட்லாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைச் சாப்பாடு வைத்துப் பார்த்தார்கள். அந்த எழுத்து உள்ளவர்கள் அளவில் அதிகம் எடுக்கவில்லை. ஆனால் தட்டில் எண்ணெயும் இனிப்பும் செறிந்த பண்டத்தைத் தேடி எடுத்தார்கள். இதைப் படித்தபோது என் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது. இளையவன் மூன்று பழம்பொரி தின்றால் ராத்திரி சோறு வேண்டாம் என்று எழுந்துவிடுவான். மூத்தவள் இரண்டு தின்பாள். ராத்திரியும் வழக்கம்போல் சாப்பிடுவாள், பொரித்த மீனின் மொறுமொறு ஓரத்தை மட்டும் தனியாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் தின்பாள். பழம்பொரியை எண்ணிய நான் ராத்திரித் தட்டை எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும், "போதும்" என்ற சொல் அவனுக்குச் சீக்கிரமும் இவளுக்குத் தாமதமாகவும் கேட்கிறது என்பது எனக்குப் புரிந்திருக்காது.

2018க்குள் எடையோடு தொடர்புள்ள 941 இடங்கள் மரபுத்தொகுதியில் குறிக்கப்பட்டுவிட்டன. அத்தனையையும் சேர்த்துப் போட்டாலும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. இரட்டையர் கணக்கு 77 என்கிறது, எழுத்தெண்ணிப் பார்த்தால் 6. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மண் சுமந்துகொண்டிருக்கிறார்கள். இந்த லட்சணத்தில், எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் பிள்ளையின் எடை ஜாதகம் கணித்துத் தருகிறோம் என்கிற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. லேப்காரியே சொல்கிறேன், அந்தப் பணத்துக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம்.

சைக்கிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்ததில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓவின் பாதிப்பு 27 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் 19,000க்கும் மேற்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களிடம் அப்படிக் குறைவு தெரியவில்லை. எனக்குப் பிடிக்காத முடிவு. ஆனாலும் சைக்கிள் வாங்கினோம். ஓடியாடினால் இன்சுலினின் பேச்சை உடல் கேட்கத் தொடங்கும் என்பதற்கு எடைத்தராசு சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை மாமியாரின் கட்சி. இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாங்கள் செய்கிற சோதனைகளில் ஒன்று சிஆர்பி. உடலில் எங்காவது அழற்சி, அதாவது நோயோடோ காயத்தோடோ உடல் போராடும்போது வரும் சூடும் வீக்கமும், மூண்டால் கல்லீரல் சுரந்து ரத்தத்தில் விடுகிற புரதம் அது. 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். கறுப்பு ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம், பக்கத்தில் ஒரு சொட்டு வெள்ளைத் திரவம். அந்தத் திரவத்தின் பெயரும் லேடெக்ஸ்தான், பார்வைக்கும் நீர் சேர்த்த ரப்பர் பால் மாதிரியே இருக்கும். குச்சியால் கலக்கி, ஸ்லைடைக் கையில் இரண்டு நிமிடம் அசைக்க வேண்டும். சிஆர்பி இருந்தால், குலசேகரத்தில் மாமியார் தட்டில் ஊற்றிய ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் திரிந்து கட்டுவதுபோல் மணல் மணலாகத் திரளும். இல்லாவிட்டால் பால் பாலாகவே இருக்கும். மகளின் ரத்தத்தையும் அப்படிக் கலக்கிப் பார்த்தேன். திரளவில்லை. நெகட்டிவ்.

ஆனால் இந்த ஸ்லைடு, லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதைக் காட்டாது. அதற்குக் கீழே பார்க்க நுண்ணளவு சோதனை வேண்டும். மீதியிருந்த சீரத்தைப் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பினேன். 3.4 என்று வந்தது. பெரியவர்களில் 3க்கு மேலே போனால் இதயத்துக்கு ஆபத்துக் கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது கதம்பைதான் நினைவுக்கு வந்தது. தேங்காய் உரித்த மட்டையைத்தான் கதம்பை என்போம். அதைக் குவித்துத் தீ வைத்தால் மேலே சுவாலை அடங்கிவிடும். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று நினைத்துப் போய்ப் படுப்போம். உள்ளே நாரோடு நாராகக் கனன்று, விடிகாலையில் கிளறினால் சிவப்பாக இருக்கும். பெரிய காய்ச்சல் என்பது ஓலைத் தீ. எங்கள் ஸ்லைடுக்குத் தெரியும். இது கதம்பைத் தீ.

கொழுப்பு என்பது வெறும் சாக்குமூட்டை என்றுதான் வெகு காலம் மருத்துவமும் நம்பியது. 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு, பருத்த எலிகளின் கொழுப்பே டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் காட்டியது. பத்து வருடம் கழித்து, 2003இல், அந்தச் சுரப்பில் பெரும்பங்கு வகிப்பவை கொழுப்புத் திசுவுக்குள் குடியேறிய மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் என்று தெரிந்தது. கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பினால் பிராணவாயு எட்டாமல் தவிக்கிறது, சில செத்தும் போகின்றன. செத்ததை அப்புறப்படுத்த வருகிற வெள்ளணுக்கள் அதைச் சுற்றி மகுடம் வைத்தாற்போல் வட்டமாக உட்கார்ந்துவிடுகின்றன. அங்கிருந்து ஐஎல்-6 என்ற தூது கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. அழற்சி மூண்ட இடத்தில் இன்சுலினின் சொல் எடுபடாது. கணையம் இன்னும் உரக்கக் கத்துகிறது. கத்தல் கழுத்தில் கறுப்பாகிறது.

இது வயதானவர்களின் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க அரசின் பெரிய உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து 2001இல் வந்த ஆய்வு, 8 வயது முதல் 16 வரையிலான அதிக எடைப் பிள்ளைகளிடம் சிஆர்பி கூடியிருப்பதைக் காட்டியது. 2010இல் வந்த இன்னொன்று, பருமனான பிள்ளைகளிடம் மூன்று வயதிலேயே அது தொடங்குவதைக் காட்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு முட்டி வலியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிற பருவம்.

முட்டையா கோழியா என்று கேட்கலாம். பருமனால் அழற்சியா, அழற்சியால் பருமனா? இங்கேதான் மரபணு எதிர்பாராத வகையில் உதவிக்கு வந்தது. எஃப்டிஓ எழுத்தைக் கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் பெறுகிறோம். அது பிறகு வந்த அழற்சியின் விளைவாக இருக்க முடியாது. ஆகவே அந்த எழுத்து உள்ளவர்களிடம் சிஆர்பியும் கூடியிருந்தால், பருமனே அழற்சியைக் கொண்டுவருகிறது என்று பொருள். திருப்பியும் பார்த்தார்கள்: சிஆர்பியைக் கூட்டும் மரபணு எழுத்து உள்ளவர்கள் பருமனாக இருக்கிறார்களா என்று. இல்லை. டென்மார்க்கில் செய்து 2011இல் வெளியான இந்த ஆய்வின் அமைப்பை நான் இரண்டு தடவை படித்து ரசித்தேன். சிஆர்பி தீ வைத்தவன் இல்லை, புகை.

வழக்கு அதோடு முடியவில்லை. கொழுப்பு மிகுந்த தீனியைப் போட்ட எலிகளுக்கு, உடல் பெருப்பதற்கு முன்பே, சில நாள்களிலேயே, மூளையில் பசியை ஆளும் இடத்தில் அழற்சி தொடங்கியதை 2012இல் காட்டினார்கள். அப்படியானால் "போதும்" என்ற சொல்லைக் கேட்கிற காதே முதலில் மந்தமாகிறதோ என்னவோ. எலிக்கு நடந்தது என் பிள்ளைக்கும் நடந்ததா என்று யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் அதைப் படித்த அன்று, பள்ளிக்கூடம் விட்டதும் பேக்கரி வாசலில் வாங்கிக்கொடுத்த பஃப்ஸ்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

3.4ஐ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடியபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இந்தச் சோதனையை யார் எடுக்கச் சொன்னது? பிள்ளைக்குப் போன வாரம் வரை இருமல். சின்னச் சளி இருந்தாலே இது ஏறும் என்று லேப்பில் இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? இதை வைத்து நான் மருந்து எழுதப்போவதில்லை." இரண்டு மாதம் கழித்து, சளி எதுவும் இல்லாதபோது திரும்பவும் பார்த்தேன், அவரிடம் சொல்லாமல். 3.1. தொழில் புத்தி போகாது.

அவர் கேட்ட கேள்வி வேறு. "பிறந்தபோது என்ன எடை?"

2.6 கிலோ. அதில் என்ன இருக்கிறது, நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தானே பிறக்கின்றன என்றேன். அங்கேதான் இருக்கிறது என்றார். புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவரின் குழு, அந்தப் பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவற்றோடு ஒப்பிட்டது. அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. தசை, கை, கால், வயிறு எல்லாம் இங்கே சிறுத்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த பிள்ளைக்குள் கொழுத்த பிள்ளை. 2004இல் அதே யாஜ்னிக் தன் லண்டன் நண்பரோடு சேர்ந்து வெளியிட்ட ஒரு படம் மருத்துவர்களிடையே வேடிக்கையாகப் பேசப்படும்: இருவருக்கும் எடைக் குறியீடு 22.3தான், ஆனால் லண்டன்காரருக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. நமக்கென்று கோட்டைத் தாழ்த்தி 23இல் போட்டதற்குக் காரணம் இந்த உடல்வாகு.

2.6 கிலோவில் பிறந்தவளை நாங்கள் என்ன செய்தோம்? தேற்றினோம். ஏத்தன்காயைச் சீவி வெயிலில் உலர்த்திப் பொடித்த மாவில் கூழ் காய்ச்சி, நெய் விட்டு, கருப்பட்டி சேர்த்து மாமியார் ஊட்டினார். பிறகு மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்று எல்லாரும் கொண்டாடினார்களே, அதே பழம்; எங்கள் மாவட்டத்துக் குழந்தைகளின் முதல் பழம். பழத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிறுத்துப் பிறந்த உடம்பை அவசரம் அவசரமாக நிரப்பினால் அது தசையாக ஏறுவதைவிடக் கொழுப்பாகவே ஏறும் என்பதுதான் அப்போது தெரியவில்லை. ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளைகள் மெலிந்துகொண்டே வந்து, ஐந்து, ஆறு வயதில் மிகவும் மெலிந்து, பிறகு மறுபடி சதை பிடிப்பது இயற்கை. அந்தத் திருப்பம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு ஆபத்து. மகளின் தடுப்பூசி அட்டையில் உள்ள எடைகளை உயரத்தோடு சேர்த்துக் கோடாக வரைந்து பார்த்தேன். நாலு வயதுக்கு முன்பே திரும்பிவிட்டது. அந்த வருடம் உறவுக்காரர்கள் என்னைப் பாராட்டிய வருடம்.

மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய அம்மா, பர்மா அரிசி நின்றுபோன 1942க்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் பிள்ளை பெற்றவர். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்குதான் அந்த வீட்டை உயிரோடு வைத்திருந்தது. காலையும் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு, சாளை மீன் கிடைத்தால் திருவிழா. "எங்கள் அம்மை எங்கள் விலாவைத் தடவிப் பார்த்துத்தான் தூங்குவாள்" என்று ஒருநாள் சொன்னார். அந்தக் கை பேத்தியின் விலாவைத் தேடியபோது எலும்பு தட்டுப்படவில்லை, நிம்மதியாகத் தூங்கினார். பசியைத் தாங்கிய உடல்கள் சேமிக்கிற மரபணுவை நமக்கு விட்டுப்போயிருக்கும் என்று 1962இல் நீல் என்பவர் ஒரு ஊகம் சொன்னார். மரபணுவில் அதற்குத் திடமான தடயம் சிக்கவில்லை. கையில் இருக்கிறது என்பதற்கு எங்கள் வீடே தடயம்.

பிறகு என்ன செய்தோம் என்பதில் சொல்ல அதிகம் இல்லை. அவளுக்கு என்று தனித் தட்டு, தனிச் சமையல் போடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடே மாற வேண்டும். பேக்கரி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. சாளையைப் பொரிப்பது குறைந்து குழம்பாக வந்தது. புட்டுக்குச் சீனிக்குப் பதில் பயறு. பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு, போகும்போது நடை, மாலையில் சைக்கிள். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும். இதற்குத்தான் அதிகச் சண்டை, அதுவும் பிள்ளைகளோடு இல்லை, கைப்பேசியை வைக்காத என் கணவரோடு. நேந்திரங்காய் சிப்ஸ் டப்பாவை மாமியார் தானே எடுத்து மேல் பரணில் வைத்தார். பாதி ராத்திரியில் அவரே ஏணி போட்டு ஏறியதை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினொரு மாதத்தில் உயரம் 140, எடை 43, இடுப்பு 73. இன்னும் பாதிக்கு மேலே மூன்று சென்டிமீட்டர். எடை கூடித்தான் இருக்கிறது, அதற்குமேல் உயரம் கூடியிருக்கிறது. பிடரியில் தடிப்பு குறைந்திருக்கிறது. கறுப்பு ஒரு நிழல் மாதிரி மிச்சம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கிறேன், கழுத்துக்குக் கை போகும்போது தானாக மெதுவாகிறது. தம்பியையும் விடவில்லை, அவன் இடுப்பையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் டேப்பால் அளக்கிறேன். அவனுக்கும் அதே அப்பா, அதே அம்மா.

போன மாதம் லேப்புக்கு ஒரு அம்மா மகனோடு வந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும், இரண்டு நாள் காய்ச்சல். ஊசி குத்தும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். காலருக்கு மேலே கழுத்து தெரிந்தது. ஸ்லைடில் சொட்டு விட்டு அசைத்தேன், இரண்டு நிமிடம். பால் பாலாகவே இருந்தது. நெகட்டிவ் என்று எழுதினேன்.

"காய்ச்சல் சரியானதும் குழந்தை டாக்டரிடம் இவன் கழுத்தையும் ஒருமுறை காட்டுங்கள்" என்றேன்.

"அதுவா, குளிக்கவே மாட்டான் அக்கா" என்றவர், சேலைத் தலைப்பைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து அவன் பிடரியை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் போய் அந்தக் கையைப் பிடித்தேன்.